நடுவர் கூண்டுக்குள் இருக்கிறார்

சிறுத்தைக்கு வைத்த கூண்டில் நான் மாட்டிக்கொண்ட கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். செல்ஃபி எடுக்கப் போனேன் என்று சிலர், சவாலுக்குப் போனேன் என்று சிலர். இரண்டும் பொய். ஆட்டைக் காப்பாற்றத்தான் போனேன். அதிலும் முக்கால் பங்குதான் உண்மை.

எங்கள் ஊர் மணிமுத்தாற்றுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. ஒரு சிறுத்தை இறங்கி வந்து வரிசையாக நாய்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. வனத்துறைக்காரர்கள் வந்து வாழைத்தோட்டத்தில் கூண்டு வைத்தார்கள். கூண்டில் இரண்டு அறை. பின்னறையில் ஆடு. முன்னறைக்குள் சிறுத்தை நுழைந்து அங்கே உள்ள பலகையை மிதித்தால், மேலே நிற்கும் கதவு விழுந்து பூட்டிக்கொள்ளும். நடுவில் கம்பித் தடுப்பு இருப்பதால் ஆட்டுக்கு ஆபத்தில்லை. அந்த ஆடு என் மனைவியுடையது. "ஆட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வீட்டுப் பக்கம் வராதிய" என்று சொல்லித்தான் கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். கூண்டைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அது எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களுக்கும் எடுத்தேன்.

அன்று பிற்பகல் எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் பேசும் பட்டிமன்றம். தலைப்பு: மிருகக்காட்சி சாலை விலங்குகளுக்குப் பாதுகாப்பா, சிறையா? வழக்கம்போல் நான்தான் நடுவர். இந்தத் தொழிலின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். தீர்ப்பு முதல் நாளே எழுதி, மடித்து, சட்டைப்பையில் இருக்கும். இதே தலைப்பில் மூன்று முறை தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் 'பாதுகாப்பே'. வருஷா வருஷம் பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போய்ப் புலி காட்டுகிறவன் வேறு என்ன சொல்வான்?

மதியம் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரை போட்டு, ஒரு செம்பு தண்ணீரும் குடித்துவிட்டு, ஆட்டுக்கு அகத்திக்கீரை கொண்டு போனேன். காவலுக்கு இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆட்டின் கயிறு நடுத் தடுப்பில் சுற்றி, அது நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. முன்னறைக்குள் போனால்தான் கயிறு கைக்கு எட்டும். ஓடிப்போய்க் காவலரைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உள்ளே நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. முன்னுரைக்கு உதவும் அல்லவா? அதுதான் மீதிக் கால் பங்கு.

பலகை எங்கே இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். கவனமாகத் தாண்டித்தான் போனேன். கயிற்றை அவிழ்த்தேன். ஆடு நன்றியே இல்லாமல் கீரையில் வாய் வைத்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பியபோது மிதித்துவிட்டேன்.

கதவு விழுந்த சத்தத்துக்குக் காவலர் டீ கிளாஸோடு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது.

"என்ன சார், நீங்களா?"

"தெறங்க வே."

"சாவி ஆபீசர்ட்ட இருக்கு. அவிய மாஞ்சோலைக்கு மேல போயிருக்காவ. போன் போக மாட்டுக்கு."

"அப்போ கம்பிய நெம்புங்க."

"ஐயையோ! உள்ள எது மாட்டுனாலும் ஆபீசரும் டாக்டரும் வராம கையே வைக்கப்பிடாதுன்னு உத்தரவு."

"நான் சிறுத்தையா வே?"

"எதுன்னுதான சார் சொல்லியிருக்காவ" என்றார் பாவமாக.

அரைமணி நேரத்தில் பாதி ஊர் வந்துவிட்டது. சிறுத்தைக்குப் பயந்து ஒரு வாரமாகக் கூண்டை எட்ட நின்றே பார்த்துப் போன சனம் அத்தனையும் சிறுத்தையை மறந்து தோட்டத்துக்குள் நின்றது. எல்லார் கையிலும் போன். ஒருவர் அக்கறையாக ஒரு வாழைப்பழத்தைக் கம்பி வழியே நீட்டினார். மரியாதைக்காக வாங்கி ஒரு கடி கடித்தேன்.

"லே, தின்னுதாரு! சாரு தின்னுதாரு!"

நான் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள்தான் இவர்கள். பழத்தைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதுதான் மாத்திரையும் செம்புத் தண்ணீரும் தங்கள் வேலையை ஆரம்பித்தன. எனக்கு ஒன்றுக்கு வந்தது.

சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியும், இந்த அவசரத்துக்கு வாய்தா கிடையாது. கூண்டில் ஓரமாகப் போகலாம் என்றால் ஓரமே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம். "கொஞ்சம் எல்லாரும் அங்கன போறியளா?" என்று கெஞ்சினேன். சார் பேசுகிறார் என்று இன்னும் நெருங்கி வந்தார்கள். காலை மாற்றி மாற்றி வைத்து முன்னும் பின்னும் நடந்தேன். "பாத்தியா, சிறுத்தை மாதிரியே நடக்காரு" என்று ஒருவர் தன் பேத்திக்குக் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து எங்கள் விளையாட்டு வாத்தியார் குதித்தார். பட்டிமன்றத்துக்கு ஏற்பாடு எல்லாம் அவர்தான். பின்னால் மைக், ஒலிபெருக்கி, மேடைக்குப் பின்னே கட்டுகிற இருபதடி ஃப்ளெக்ஸ். கூடவே 'சிறையே' அணியின் தலைவி, எங்கள் தமிழம்மா.

"நடுவர் வர முடியலேன்னா என்ன சார்? மன்றம் நடுவர்ட்ட வரும்" என்றார் விளையாட்டு வாத்தியார்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல."

"நீங்க ஒக்காந்தே இருங்க. தீர்ப்பு மட்டும் போதும்."

அவர்தான் 'பாதுகாப்பே' அணித் தலைவர். மைக்கைப் பிடித்ததும் என் பக்கம் கையை நீட்டினார். "நம் நடுவரைப் பாருங்கள்! வெயில் படுகிறதா? சிறுத்தை தொட முடியுமா? வேளைக்கு உணவு தேடி வருகிறது. ஒரு குறை உண்டா அவருக்கு?" வாழைத்தோட்டமே கை தட்டியது. அவர் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் மூன்று முறையும் நான் தீர்ப்பில் சொன்னது. என் சட்டைப்பையில் இருந்த தீர்ப்பிலும் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு குறை இருக்கிறது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றேன்.

அடுத்துத் தமிழம்மா எழுந்தார். "சுதந்திரம் என்பது..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், ஒண்ணுக்கு வருதா?"

மைக் கையில்தான் இருந்தது. அணைக்க மறந்துவிட்டார். ஒலிபெருக்கி அதை மணிமுத்தாற்று அணைக்கட்டு வரைக்கும் சொல்லியிருக்கும். தலையை ஆட்டினேன். இதற்கு மேல் மானம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

தமிழம்மா ஃப்ளெக்ஸை ஆட்டோவிலிருந்து இழுத்தார். காவலரும் சேர்ந்துகொண்டு முன்னறையை மூன்று பக்கமும் சுற்றிக் கட்டினார். வெளிப்பக்கம் தலைப்பும், பொன்னாடை போர்த்திச் சிரிக்கும் என் படமும். நாலாவது பக்கம் ஆடு இருந்தது. அது பார்க்கவில்லை, தின்றுகொண்டிருந்தது. அந்த இருட்டில் நான் நின்ற நிமிஷம் இருக்கிறதே, அதுபோல் ஒரு சுகத்தைப் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை.

"சார், தீர்ப்பு?" என்று வெளியிலிருந்து விளையாட்டு வாத்தியார் கேட்டார்.

"அப்புறம் சொல்லுதேன்" என்றேன்.

பொழுது சாயும்போது ஆபீசர் வந்து கூண்டைத் திறந்தார். உத்தரவுப்படி கால்நடை டாக்டரும் வந்திருந்தார். என் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஃப்ளெக்ஸை என் மனைவி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டாள்.

ஆறாம் நாள் விடியற்காலையில் சிறுத்தை மாட்டியது. நான் போனபோது அன்றைக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றது, அதே போன்களோடு. ஆட்டை முதலிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். சிறுத்தை சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் போய்க் கம்பியில் முட்டியது. நெற்றி கிழிந்து ரத்தம் வழிந்தது. அது தப்பிக்க வழி தேடுகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது ஓரம் தேடுவதாகத்தான் பட்டது. திருவனந்தபுரத்தில் உள்ளறைக்குள் போய்ப் படுத்துக்கொண்ட புலியை, "வெளிய வாலே" என்று பிள்ளைகளோடு சேர்ந்து கைதட்டிக் கூப்பிட்டவன் நான். வராவிட்டால் ஏமாற்றிவிட்டது என்று திட்டவும் செய்தேன். நினைத்தால் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கொட்டகைக் கூரையைப் பிடுங்கினேன். மனைவி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். காவலரும் நாங்களும் ஃப்ளெக்ஸைச் சுற்றிக் கட்டினோம். ஆடு இருந்த பக்கத்துக்கு வாழையிலை சாத்தினோம். என் படம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது.

"மறைக்காதிய சார்! இப்பத்தான வந்தோம்" என்று சத்தம் போட்டார்கள்.

"தீர்ப்பு இன்னும் பாக்கி" என்றார் விளையாட்டு வாத்தியார், கூட்டத்துக்குள் இருந்து.

நான் ஃப்ளெக்ஸின் முடிச்சை இன்னும் இறுக்கினேன். உள்ளே முட்டுகிற சத்தம் பையக் குறைந்தது. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, பலகையில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"என்ன சார் செய்யுது உள்ள?" என்று ஒருவர் எட்டிப் பார்க்க வந்தார்.

"ஒண்ணுமில்ல, அந்தப் பக்கம் போங்க" என்று சொல்லி, முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.