பவளாயியின் முடியும் இருதயமேரியின் மடியும்

இருதயமேரியைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், முதலில் அவள் போடுகிற சத்தத்தைத்தான் சொல்வேன். அப்படி ஒரு வாய்! ஆஸ்பத்திரி வாசலில் நான் கால் வைத்ததுமே, "தரையில வெத்தில துப்புனீங்கன்னா உங்களையே கழுவ வைப்பேன்" என்றாள். நான் வெற்றிலையே போடுவதில்லை. ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கும் இந்த மயிலம்மாளுக்கு வாய் நீளம் என்று தெருவில் ஒரு பேர் உண்டு. என்னையும் மிஞ்சின ஒருத்தி இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இருதயமேரி பொன்மலையில் பிறந்தவள். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, பாலக்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "இங்க இருக்குற புள்ளைங்கள வச்சே மாளல, வீட்டுல வேறயா?" என்பாள். அதற்கு மேல் கேட்கிற தைரியம் யாருக்கும் வராது.

நான் அவளிடம் போய் நின்றது ஐம்பத்தெட்டாம் வருஷத்தில். கையில் என் தம்பி வீரமலையின் மகள் பவளாயி. உப்பிலியபுரத்தில் அவனுக்குக் கொஞ்சம் நிலம். பவளாயிக்கு ஒன்றரை வயது ஆகும் முன்னே அவன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு மறுபடி உண்டாகிவிட, பிள்ளையைப் பாலை மறக்கடித்துக் கஞ்சிக்கு மாற்றினார்கள். சில மாதத்தில் கன்னம் உப்பி, கை கால் திரண்டு, "புள்ள நல்லா பூசுனாப்புல இருக்கு" என்று ஊரே கொஞ்சியது. வீரமலைக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் பிள்ளை சிரிப்பதை நிறுத்தியது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. செரிக்காமல் வந்த மாந்தம் என்று யாரோ சொல்ல, பருப்பை நிறுத்தினார்கள், பாலை நிறுத்தினார்கள், வெறும் அரிசிக் கஞ்சி என்று பத்தியம் வைத்தார்கள். நான் ஊருக்குப் போனபோது பிள்ளையின் தலைமுடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. வள்ளிக்கண்ணு அப்போதுதான் அடுத்த பிள்ளையைப் பெற்றுப் படுத்திருந்தாள். நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இருதயமேரி பவளாயியின் புறங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிசைந்த மாவில் அழுத்தினாற்போல் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"பொழச்சுக்குமா, நர்ஸம்மா?"

"இன்னும் ரெண்டு வாரம் விட்டு வந்திருந்தா கேக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வந்துட்டீங்கல்ல. பாப்போம்" என்றாள்.

பாலும் முட்டையும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். முட்டை என்றதும் நான் கையைப் பிசைந்தேன். எங்கள் வீட்டில், முதல் முடியை ரங்கநாதருக்குக் கொடுக்கும்வரை பிள்ளை வாயில் கவிச்சி படக் கூடாது என்று ஒரு நேர்த்தி. உயிர் போகிற நேரத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "உங்க சாமிய ஏன் இதுல இழுக்கணும்? வேற வழியா போவோம்" என்று சொல்லிவிட்டு, பால்பவுடரோடு பொட்டுக்கடலை மாவையும் அரிசி மாவையும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினாள். அப்போதே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? "வீங்குன புள்ளைக்குப் போய்க் கடலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"அரிசியில வயிறுதான் ரொம்பும். புள்ளைக்குக் கொறைஞ்சது புரதம். சதை, முடி, நகம், காய்ச்சல எதுத்து நிக்குற சக்தி, எல்லாம் அதுதான். ரத்தத்துல இருக்குற புரதந்தான் தண்ணிய ரத்தத்துக்குள்ளயே பிடிச்சு வைக்குது. அது கொறைஞ்சா தண்ணி கசிஞ்சு வெளிய வந்து நிக்கும். நீங்க கொஞ்சுனீங்களே, அது கொழுப்பு இல்ல, தண்ணி."

"சரி, கடலை மட்டும் போட்டா போதாதா? அரிசி எதுக்கு?"

அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "புரதங்குறது சங்கிலி மாதிரி, மயிலக்கா. இருபது வகைத் துண்டு ஒண்ணோட ஒண்ணு கோத்து வரும். உடம்புக்கு வேணுங்கிற வரிசையில கோக்கணும். சில துண்ட உடம்பே செஞ்சுக்கும், சிலத சாப்பாட்டுலதான் வாங்கணும். அப்படி ஒரு துண்டு இல்லன்னா கோக்குறது அங்கயே நின்னுடும், மத்தது எவ்வளவு கெடந்தாலும் சரி."

"அட, கதம்பம்!" என்றேன். "மல்லி கூடை கூடையா இருக்கும், மரிக்கொழுந்து தீந்துடுச்சுன்னா கதம்பம் அதோட நின்னுச்சு. மிச்ச மல்லி வாட வேண்டியதுதான்."

இருதயமேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அதேதான்! அரிசியில கொறையுறது கடலையில இருக்கு, கடலையில கொறையுறது அரிசியில இருக்கு. கட்டுன பிறகு என்ன ஆகும், சொல்லுங்க?"

"ஒரே சரந்தான். மடிச்சுச் சுத்துனா செண்டு. நீளமா விட்டா மாலை."

"உள்ளயும் அப்படித்தான். கோத்த சங்கிலி தானா மடிஞ்சு சுருண்டு ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவந்தான் வேலை செய்யும். ஒண்ணு முடியாகும், ஒண்ணு சோத்த செரிக்க வைக்கும்." அன்றிலிருந்து வார்டுக்கு வந்த தாய்மாருக்கெல்லாம் கதம்பக் கணக்குத்தான். "எங்க ஸ்ரீரங்கத்து அக்கா சொன்னது" என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்வாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

கஞ்சி வேலை செய்தது. அதுவே வம்பாகவும் முடிந்தது. உடம்பில் தேங்கியிருந்த நீரெல்லாம் வடிய வடிய, பவளாயியின் கன்னம் ஒட்டிப்போனது, கை கால் குச்சியானது. அந்த நேரம் பார்த்து முசிறிச் சந்தையில் வேலை முடித்துவிட்டு, தோளில் துண்டோடு வந்து நின்றான் என் தம்பி. பிள்ளையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

"கொழுகொழுன்னு இருந்த புள்ளைய எலும்பும் தோலுமா ஆக்கிட்டீங்களேக்கா! வேணாம். சாகுறதுன்னா என் வீட்டுல சாகட்டும்." பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். நான் கஞ்சி டம்ளரோடு பின்னால் ஓடினேன். "டேய், நில்லுடா, படுபாவி!" என்று கத்தினேன். கேட்டால்தானே?

வாசலில் இருதயமேரி நின்றாள். ஊரையே கூட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எடுத்துட்டுப் போங்க, அண்ணே. உங்க புள்ள. ஒரே ஒரு தடவ கால அழுத்திப் பாத்துட்டுப் போங்க."

வீரமலை முறைத்துக்கொண்டே அழுத்தினான். விரலை எடுத்தான். குழி விழவில்லை.

"நீங்க ஆசையா பாத்தது அத்தனையும் தண்ணி. அது போயிடுச்சு. இப்பத்தான் உங்க புள்ளையையே பாக்குறீங்க. இனிமே ஏறுறதுதான் சதை."

அவன் நம்பினானோ இல்லையோ, தெரியாது. அந்த நேரத்தில் அவன் தோளில் கிடந்த பவளாயி தலையைத் தூக்கினாள். என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "அத்தே, கஞ்சி!" என்று கையை நீட்டி வீறிட்டாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பின பிள்ளை! வீரமலை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் டம்ளரை அவனிடம் கொடுத்தேன். அழுதுகொண்டே அவன்தான் ஊட்டினான்.

அடுத்த தையில் முடி இறக்க ஸ்ரீரங்கத்துப் படித்துறையான அம்மா மண்டபத்துக்கு வந்தோம். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். வள்ளிக்கண்ணுவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அவள் பிறந்த வீட்டுப் பங்காளிகளில் யாரையாவது பிடிக்கலாம் என்று பேச்சு. வீரமலை யார் பேச்சையும் காதில் வாங்காமல், எங்களோடு வந்திருந்த இருதயமேரியின் முன்னால் போய்க் கை கூப்பினான்.

"மாமன் மடி நீங்கதாம்மா."

"அய்யய்யோ, நான் வேதக்காரி, அண்ணே. உங்க சாமி காரியத்துல..."

"எங்க சாமிய இழுக்காதீங்க. அன்னிக்கு நீங்களேதான சொன்னீங்க?" என்றேன் நான். அவள் வாயடைத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காவிரிப் படியில் உட்கார்ந்து மடியை விரித்தாள். பவளாயி கத்தி பட்டதும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாவிதர் தண்ணீர் தொட்டு வழித்த முதல் கற்றை, அவள் வெள்ளைப் புடவையில் விழுந்தது. இருதயமேரி அதை எடுத்து வெயிலில் பிடித்தாள். நுனிப்பக்கம் செம்பட்டை, வெறும் அரிசிக் கஞ்சி நாளில் வளர்ந்தது. அதிலிருந்து அடிவரைக்கும் நல்ல கறுப்பு.

"பாருங்க, மயிலக்கா" என்றாள். நான்தான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் முடி; அவளுக்குக் கை ஒழியவில்லை.