சின்னம்மா செத்த படம்

அம்மா உடுத்த சேலையோடு கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் பெட்டகத்திலிருந்து எடுக்கும் அரக்குநிறச் சேலை அவள் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பிறகு என்னையும் இழுத்து நிறுத்தி, சட்டையோடு மூன்று வாளி ஊற்றினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அப்படி முழுகிவிட்டு வீட்டுக்குள் கால் வைப்பார்கள். நாங்களோ யாழ்ப்பாணப் பட்டினத்தில் படம் பார்த்துவிட்டு வந்திருந்தோம். இந்த வயதிலும் படத்தில் யாராவது கட்டிலில் படுத்து இருமத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

படத்தில் செத்தது என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. தெல்லிப்பழையில் விடுதியில் தங்கிப் படித்தவள், நல்ல குரல். அம்மாவின் தகப்பனாரை வீட்டில் எல்லோரும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்தவர், வாய் திறந்தால் தேவாரம், மூடினால் கோபம். அவரே ஆசைப்பட்டுச் சங்கீதம் படிக்கட்டும் என்று சின்னம்மாவைச் சென்னையில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். இரண்டு வருடத்தில் அவள் பேசும் படத்தில் நடிக்கப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அன்றைக்கு அப்பு தோட்டத்துக்குப் போகவில்லை. முற்றத்தில் நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டு, "அவளின்ரை கதை இந்த வளவுக்குள்ளை இனி எடுக்கப்படாது" என்றார். அம்மாவும் எடுக்கவில்லை.

ஆனால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை ஒரு கடிதம்கூடப் போடவில்லையே என்ற கவலை அவளை அரித்தது. தபாற்காரன் வேலிப் படலையடிக்கு வந்தால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடுவாள். அதற்குள் அவன் அப்புவிடம் எதையோ கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். மூன்று வருடம் இப்படிப் போன பிறகு, சின்னம்மா நடித்த படம் பட்டினத்துக்கு வந்திருக்கிறது என்று சந்தையில் யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்குக் காதுவலி என்றும் பரியாரியாரிடம் காட்டிவர வேண்டும் என்றும் அம்மா ஒரு பொய்யைக் கட்டினாள். எனக்கு வலியும் இல்லை ஒன்றும் இல்லை. காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

திரையில் சின்னம்மா அரண்மனைத் தோழியாக வந்தாள், இரண்டு பாட்டுப் பாடினாள், கட்டிலில் படுத்தாள், இருமினாள், செத்தாள். பாதிப் படம்கூட முடியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.  வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போனாள்.

தண்ணீர்ச் சத்தம் கேட்டு அப்பு மாட்டுக் கொட்டிலில் இருந்து வந்தார்.

"ஆர் பிள்ளை செத்தது?"

"தங்கச்சி அப்பு. என்ரை கண்ணுக்கு முன்னாலை சீவன் போச்சுது."

அப்பு கிணற்றுத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை, அழுதுகொண்டே ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது, அப்பு உண்மை என்று நினைக்கிறார் என்று. சொன்னால் படம் பார்க்கப் போனது வெளிவந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த மௌனத்துக்காக என்னை நானே இன்றைக்கும் திட்டிக்கொள்வதுண்டு.

அப்பு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் புகையிலை கட்டும் நாரால் கட்டிய ஒரு கட்டு இருந்தது. எல்லாம் கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "வாசி பிள்ளை" என்று அம்மாவிடம் நீட்டினார்.  அம்மா ஈரக் கையால் மேலே இருந்ததைப் பிரித்து உரக்க வாசித்தாள். தேர் பார்க்க ஒருதரம் வரட்டோ, அப்பு விடுவாரோ, ஒரு வரி எழுது அக்கா என்று இருந்தது. அடுத்ததிலும் அதே கேள்வி. அதற்கடுத்ததிலும் அதேதான். அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. அப்புவை அவள் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

"நான் விடேல்லை" என்றார் அப்பு. "கேட்டுக் கேட்டே செத்துப் போனாள்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அது படத்திலை அப்பு. சின்னம்மா சாகேல்லை" என்று கத்திவிட்டேன்.

அப்பு என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "படமெண்டு உனக்குத் தெரியாதே?"

"தெரியும் அப்பு. ஆனா செத்தது என்ரை தங்கச்சிதானே. முழுகாமல் எப்பிடி வீட்டுக்கை வாறது?"

அடி விழும் என்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பு கடிதங்களைக் கொத்தாகச் சேர்த்து அம்மாவின் கையில் கொடுத்தார். "வரச் சொல்லி எழுது" என்றார். அவ்வளவுதான். பிறகு கொட்டிலுக்குப் போய் மாட்டை ஏனோ ஏசிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் சின்னம்மா வந்தாள். பத்து நாள் லீவு. வாடகைக் காரில் வந்து இறங்கியவளைப் பார்க்க வேலி நீளத்துக்குத் தலைகள். வந்த முதல் மணித்தியாலம் சென்னைத் தமிழில் பேசினாள். அம்மா இடியப்பத்தோடு சொதியைக் கொண்டுவந்து வைத்ததும் அது எங்கோ பறந்துவிட்டது. ஏழு படம் நடித்திருந்தாள், ஐந்தில் செத்திருந்தாள். ஏன் என்று அம்மா கேட்டாள். "எங்கடை தமிழ் அவைக்குச் சிரிப்பக்கா. நான் வாய் திறந்தா எல்லாரும் சிரிக்கினம். அதுதான் ரண்டு பாட்டுப் பாடவிட்டுச் சாகடிக்கினம்" என்று அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் உட்காரவில்லை. ஒரு இடத்தில் இருக்கவே அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. கிணற்றடி, மாமரத்தடி, படலையடி என்று காலில் சக்கரம் பூட்டியவள்போல் சுற்றினாள். அவள் போன பிறகு இன்னும் சில படங்கள், உலகச் சண்டைக் காலம், ஒரு காய்ச்சல். அவள் செத்த செய்தி எங்களுக்கு மூன்று கிழமை பிந்தி வந்தது. படச்சுருள்களும் எங்கோ எரிந்துவிட்டனவாம். அவள் குரலைக் கேட்டவர்கள் என்று இனி என்னைப்போல் இரண்டொருவர்தான்.

அந்தப் பத்து நாள் லீவில், அவள் வந்து இறங்கியதிலிருந்து அப்பு அவளோடு ஒரு சொல் பேசவில்லை. வரச் சொன்னவர் அவர்தானே, பிறகு என்ன வீம்பு என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவள் எழும்புமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். சாப்பாட்டைத் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லுவார். அவள் ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்தபடி நடப்பாள். நாள் ஒன்பதாகிவிட்டது. விடிந்தால் ரயில்.

அன்று மத்தியானம் அப்பு வீட்டுக்கு வந்து, கை கழுவி, சின்னம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் எதிரே அமர்ந்தார். அம்மா சோறு போட்டாள். அவர் தொடவில்லை. சோற்றைப் பார்த்தபடியே கேட்டார்:

"உன்னைச் சாகடிக்கேக்கை பக்கத்திலை ஆரும் நிண்டவையோ?"

சின்னம்மா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "ஓம் அப்பு. முப்பது, நாப்பது பேர் நிண்டவை."

"ஒருத்தரும் அழேல்லையோ?"

"அழப்படாதப்பு. மூச்சும் விடப்படாதெண்டு சொல்லிப்போட்டினம். சத்தம் படத்திலை விழுந்திடும்."

அப்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை. என் வாழ்நாளில் ஓர் ஆண் அப்படி வாய்விட்டு அழுது நான் கேட்டதில்லை. அயலட்டைக்குக் கேட்கும் என்று அம்மா பதறிப்போய்க் கதவைச் சாத்த ஓடினாள். சின்னம்மா அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடக்கா. இஞ்சை அழலாம்."