மாஸ்டரின் சாய்ந்த தலை

துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்பார்கள். அந்தத் தையல்கடையில் மாஸ்டர் மனைவி; மிஷினில் உட்கார்ந்து தைப்பவர் கணவர். புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்து, "மாஸ்டர், ஒரு கோட்டு தைக்கணும்" என்பார்கள். அவர் மிதிப்பதை நிறுத்தாமல் கட்டைவிரலால் உள்ளே காட்டுவார். "மாஸ்டர் அங்க இருக்காங்க. நான் அவங்க வெட்டினதைத் தைக்கிறவன்."

உள்ளே பெரிய மேசையின் முன்னால், தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து, தானியத்தைப் பார்க்கும் குருவி போல அவள் நிற்பாள். சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒரே மூச்சில் வெட்டிவிடுவாள். அவள் வெட்டில் ஒரு சட்டைக் கைகூடக் கோணியதில்லை.

ஐம்பதை நெருங்கும்போது ஒருநாள், மாடிப்படி அவளுக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க ரெண்டா தெரியுறீங்க."

"ஒருத்தனையே சமாளிக்க முடியலன்னு சொல்லுவியே."

"அதான் பயமா இருக்கு."

முதல் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். இரண்டாமவர் சொட்டு மருந்து கொடுத்து, பென்சிலை மூக்கு நுனிவரை கொண்டுவந்து பார்க்கச் சொன்னார். மூன்று மாதம் பார்த்தாள். பென்சிலும் இரண்டானதுதான் மிச்சம். மூன்றாமவர் தலையை ஸ்கேன் எடுத்தார். "மூளையில ஒண்ணும் இல்லம்மா" என்றார் சந்தோஷமாக.

"இதுக்கு எதுக்கு டாக்டர் ஸ்கேன்? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார் கணவர். வீடு திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் வழி முழுக்க ஜோக் அடித்துக்கொண்டே வந்தார். பயம் வந்தால்தான் அவருக்கு நகைச்சுவை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு கண்ணை மூடினால் எல்லாம் ஒன்றாகிவிடும். அப்படியே சில மாதம் வேலை செய்தாள். மாஸ்டர் கண்ணடிக்கிறாள் என்று நினைத்து வாடிக்கைக்காரர் ஒருவர் வெட்கப்பட்டு, அடுத்த வாரமே இன்னொரு சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். "இதுவும் வியாபாரத்துக்கு நல்லதுதான்" என்றார் கணவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அப்புறம் ஒரு வாடிக்கைக்காரரின் கோட்டு தைக்க வந்தது. துணியில் எப்போதும் இரண்டு கோடு போடுவாள். உள்கோட்டில் ஊசி போகும்; வெளிக்கோட்டில் கத்தரி போகும். நடுவில் இருப்பது தையலுக்குள் மடங்குகிற துணி. ஒரு முன்பக்கத்தை வெட்டும்போது யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு கண்ணையும் திறந்து பதில் சொன்னாள், அப்படியே குனிந்தாள். இரண்டு கோடு நாலாகிக் கிடந்தது. கத்தரி உள்கோட்டில் போய்விட்டது. மடித்துத் தைக்க ஒரு நூலளவு துணிகூட மிஞ்சவில்லை.

துணி அந்த வாடிக்கைக்காரரே கொண்டுவந்தது. மிச்சத்தில் இன்னொரு முன்பக்கம் வெட்டலாம். ஒரே ஒருதரம்தான். அவர் பெருந்தன்மையாக ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

அவள் கத்தரியை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கணவரிடம் கொடுத்தாள். "ஒரு கோடு ஒரு கோடாத் தெரியட்டும். அதுவரைக்கும் இதைத் தொடமாட்டேன். தெரியலன்னா கடையை மூடிடுங்க."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வேறொரு கத்தரியால் தானே வெட்டிப் பார்த்தார். தலையணை உறைகூட நொண்டியது.

நாலாவது ஆஸ்பத்திரியில், டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பரிசோதிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் மாஸ்டரின் தலையை நிமிர்த்தி வைத்தாள். எதிரே இரண்டாகத் தெரிந்த ஒற்றை விளக்கு இன்னும் விலகிப்போனது.

"தலையை எப்பவும் இப்படித்தான் சாய்ச்சு வச்சிருப்பீங்களா?"

"இல்லையே" என்றாள் மாஸ்டர்.

"ஆமா" என்றார் கணவர், அதே நொடியில்.

"வீட்ல பழைய போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது."

மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுபோனார்கள். கடை திறந்த அன்று, கல்யாணத்தன்று, நாலாம் வகுப்பு வரிசையில் ரெட்டைச் சடையோடு. எல்லாவற்றிலும் தலை வலப்பக்கம். டாக்டர் அவற்றைச் சீட்டுபோல மேசையில் பரப்பினார்.

"பிறந்ததுலேர்ந்தே ஒரு கண்ணுல ஒரு தசை பலவீனம். அந்தக் கண் கொஞ்சம் மேல ஏறி நிக்குது. தலையைச் சாய்ச்சு இத்தனை வருஷம் நீங்களே சரிபண்ணிட்டிருந்தீங்க. வயசாக ஆக அது பத்தல. அதுவும் குனிஞ்சு பாக்குற வேலை வேற. பட்டகம் வச்ச கண்ணாடி தர்றேன், ரெண்டையும் ஒண்ணா சேர்க்கும். பத்தலன்னா பின்னால ஆபரேஷன் பத்தி யோசிப்போம்."

கணவர் கல்யாணப் போட்டோவைக் கையில் எடுத்தார். அதில் அவள் தலை அவர் தோளைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"என் மேல ஆசையா சாயுறான்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

"ஆசை இல்லாமலா நின்னேன்?"

"அப்போ இந்த நாலாம் வகுப்புல பக்கத்துல நிக்கிறானே, இவன் யாரு?"

டாக்டர் சிரிப்பை அடக்கக் குனிந்து மருந்துச்சீட்டு எழுதினார்.

தவணைக்கு நாலு நாள் இருக்கையில் கண்ணாடி வந்தது. மாஸ்டர் மிச்சத் துணியை விரித்துக் கோடு போட்டாள். இரண்டு போட்டாள், இரண்டுதான் இருந்தது. கையை நீட்டினாள். கணவர் சாவியைக் கொடுத்துவிட்டு, மிஷினுக்குப் போகாமல் அங்கேயே நின்றார். கத்தரி வெளிக்கோட்டில் ஏறி, அக்குள் வளைவில் திரும்பி, நிற்காமல் கீழே இறங்கியது. வெட்டிய துணியை மற்ற முன்பக்கத்தின் மேல் அவர் வைத்துப் பார்த்தார். அச்சில் வார்த்தது மாதிரி பொருந்தியது.

"தைங்க" என்றாள். அவர் அவளையே பார்த்தார். தலை நட்ட கம்பம் போல நேராக இருந்தது.

"ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கே."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைக்கும்போதே தலை தன்னால் வலப்பக்கம் சாய்ந்தது.

"இப்ப யார் மேல சாயுற?"

"ரெண்டு பேர் நிக்கிறீங்க" என்றாள். "மேல நிக்கிறவர் கொஞ்சம் பாக்க லட்சணமா இருக்கார்."