கேள்வி கேட்கக் கூடாத மணி

நேற்றுக் காலை என் கணவர் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மாவோட சைக்கிள் மணி எங்க வச்ச?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நானும்தான். மணி எங்கும் போய்விடவில்லை. மேல் தட்டில் புளி ஜாடிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. மூடியெல்லாம் மங்கிப் போய், கட்டைவிரல் படுகிற நாக்கு மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். அதைத் தேய்த்தது என் மாமியாரின் விரல்.

நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். ஊருக்கு அவர் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரும்புலியூரில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போன முதல் பெண் தான்தான் என்று சொல்வார். இல்லை என்று மறுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிளை விடவில்லை. மரக்கடை பாய், பேங்கிலிருந்து ஓய்வு பெற்ற சார், அத்தை என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு கூட்டணி. வாரத்தில் ஒரு நாள் நெடுந்தூரம் மிதித்து உடம்பை முறுக்கிவிட்டு, மறுநாள் காலை மெதுவாக ஒரு சவாரி போவார்கள். அதற்குப் பெயர் சும்மா சவாரி. வண்டலூர் தாண்டி பொத்தேரி வரை போய், காலேஜ் ஹாஸ்டல் பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். கால் வலி போவதற்காக மிதிப்பது அது, வியர்த்தாலே தப்பு என்பார் அத்தை.

சும்மா சவாரிக்கு ஒரு சட்டம் இருந்தது. அன்றைக்கு யாருக்கு முடியவில்லையோ அவர்தான் முன்னால் போக வேண்டும். மணியும் அவர் வண்டிக்குத்தான். இருந்தது அந்த ஒரே மணி, அதைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். முன்னால் போகிறவர் மணியடித்தால் எல்லோரும் காலை ஊன்றி நிற்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தண்ணீரைக் குடித்துவிட்டு மழையைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ பேச வேண்டும், அவ்வளவுதான். "இந்த வயசுல முடியலன்னு வாயால சொல்றது கஷ்டம்மா. மணி சொல்லிட்டுப் போவட்டுமே" என்று பாய் ஒருமுறை என்னிடம் சொன்னார். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாருங்கள். படித்த வீடுகளில்கூட இது கிடையாது, எங்கள் வீட்டில் நிச்சயமாகக் கிடையாது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அத்தைக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீடு திரும்பும்போது டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். கொஞ்ச நாள் ஓய்வு, அப்புறம் சமதளத்தில், பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில், தாராளமாக சைக்கிள் ஓட்டலாம் என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என் கணவரும் கேட்டார். மறைமலை நகர் ஃபாக்டரியில் நூறு பேரை மேய்க்கிறவருக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதில் ஏறவில்லை. "ரோட்ல விழுந்து வெச்சா ஊர் என்னைத்தான் கேக்கும்" என்றார். அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதைவிட ஊர் என்ன கேட்கும் என்பதுதான் அவர் கவலை.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்போதுதான் மாடியில் ஒரு ஜிம் திறந்திருந்தார்கள். அங்கே பெரியவர்களுக்கென்று தனியாக இண்டோர் சைக்கிள் வகுப்பு உண்டு. அதில் என் கணவர் அத்தையைச் சேர்த்துவிட்டார். அத்தை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டீச்சர் தனியாகப் போகக் கூடாது என்று பாயும் பேங்க் சாரும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். முதல் நாளே அத்தை கைப்பையிலிருந்து மணியை எடுத்து, தன் சைக்கிளின் கைப்பிடியில் பொருத்தினார். ஒற்றைச் சக்கரத்தோடு தரையில் அறைந்து வைத்த வண்டி, இடித்துக்கொள்ள எதிரே ஆளே கிடையாது, அதற்கு ஒரு மணி! இளசுகள் சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர் முன்னாடி இருக்காங்க, எல்லாம் கரீட்டா கீது" என்றார்.

நான்தான் தினமும் ஸ்கூட்டியில் கூட்டிப் போய், முடியும் வரை கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. அத்தை மணியடித்தால் மூன்று பேரும் நிறுத்துவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், மருமகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு நாள் ஓனர் வந்தார். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. மணிச் சத்தத்துல மியூசிக் பீட் மிஸ் ஆவுது" என்று சொல்லி அவரே அதைக் கழற்றி அத்தை கையில் கொடுத்துவிட்டார். பீட்டாம் பீட்! அறுபது வயது நெஞ்சுக்குள் இருக்கிற பீட்டைப் பற்றி அந்த மனுஷனுக்கு ஒரு கவலையும் இல்லை. நான் சண்டைக்குப் போனேன். "விடும்மா, புள்ள காதுக்குப் போனா இதையும் நிறுத்திடுவான்" என்று அத்தைதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே அது நடந்தது. பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண் அன்று வரவில்லை. இளவட்டங்களின் கோச் இரண்டு வகுப்பையும் ஒன்றாகப் போட்டு, பாட்டை அலறவிட்டு, "ஏத்துங்க, ஏத்துங்க, மலை ஏறுறோம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். அத்தையின் சைக்கிளிலும் பாரத்தைக் கூட்டுகிற திருகை அவனே திருகி இறுக்கினான். கொஞ்ச நேரத்தில் அத்தை வலது கையை மேலே தூக்கினார். சாலையில் சைக்கிள்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிற்கப் போகிறேன், நில்லுங்கள். கோச் என்ன செய்தான் தெரியுமா? "சூப்பர் ஆன்ட்டி! அதான் எனர்ஜி! எல்லாரும் கைய தூக்குங்க!" என்றான். அத்தனை பேரும் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு மிதித்தார்கள். அத்தனை கைகளுக்கு நடுவே ஆடாமல் நின்ற கை அத்தையுடையது ஒன்றுதான். பாய் எதிர்க் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டுக் குதித்து இறங்கினார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அத்தை என் தோளில் சாய்ந்தபோது ஜாக்கெட்டெல்லாம் சில்லென்று நனைந்திருந்தது. பாட்டு அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

பிழைத்துக்கொண்டார். அதே டாக்டர் அதையேதான் திரும்பச் சொன்னார். சைக்கிள் ஓட்டியது தப்பில்லை, விரட்டி ஓட்ட வைத்ததுதான் தப்பு, தேறின பிறகு மெதுவாக ஓட்டலாம் என்றார். என் கணவர் ஜிம்காரனிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே நின்ற அத்தையின் சைக்கிளுக்கு ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டினார். "சைக்கிளாலதானே வந்துச்சு? இனிமே அந்தப் பேச்சே வேணாம்" என்றார். "அது சைக்கிளாங்க? அதுக்கு ரெண்டு சக்கரம்கூடக் கிடையாது! உங்க அம்மாவப் படுக்க வச்சவன் மாடியில இருக்கான், நீங்க படிக்கட்டுக்குக் கீழ நிக்குற வண்டியப் பூட்டுறீங்க" என்று நான் கத்தியது பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். சாவி அவருடைய பைக் சாவியோடு சேர்ந்து தினமும் ஃபாக்டரிக்குப் போய் வந்தது.

ஒரு நாள் அவர் வேலைக்குப் போன பிறகு பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அத்தை படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "வேணாம்மா. பூட்டினவன் என் புள்ள. அவனே தெறக்கட்டும்" என்றார். எவ்வளவோ கெஞ்சினேன், திட்டினேன். அசையவே இல்லை. அந்தப் பிடிவாதத்துக்காக அவர் மேலும் எனக்கு இன்றுவரை கோபம்தான். வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். சும்மா சவாரி நாளில் பாயும் பேங்க் சாரும் தெருவில் போகும்போது கேட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். அவர்கள் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி, மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள். மகன் அதே கேட்டைத் திறந்துகொண்டுதான் வேலைக்குக் கிளம்புவார். சில நாள் அத்தை கையிலிருந்த மணியை ஒரு தடவை அடிப்பார். "என்னம்மா, சின்னப் புள்ள மாதிரி" என்று மகன் சிரித்துவிட்டு பைக்கைக் கிளப்பிவிடுவார். நான்கு வருஷம் கழித்துத் தூக்கத்திலேயே அத்தை போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், "அம்மாவ எவ்ளோ பத்திரமா பாத்துக்கிட்டான்" என்று அவரைப் பாராட்டினார்கள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

போன வருஷம் என் கணவருக்கும் ஸ்டென்ட் வைத்தாயிற்று. டாக்டர் வேறு ஆள், பேச்சு அதேதான்: பேசிக்கொண்டே மிதிக்கிற வேகத்தில் சைக்கிள் ஓட்டலாம். இந்த முறை நன்றாகக் காதில் விழுந்துவிட்டது. கியர் வைத்த வண்டி, ஹெல்மெட், இறுக்கமான கால்சட்டை எல்லாம் வந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் கூட்டாளிகளோடு ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே போய் வருகிறார். ரெகவரி ரைடாம், அதாவது சும்மா சவாரி. பிள்ளைகள் போட்டோ எடுத்து, "சூப்பர்ப்பா" என்கிறார்கள். ரோட்டில் விழுந்தால் ஊர் என்னைக் கேட்காதா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. யாரும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எனக்கு வயிறு எரிகிறது. அவர் நன்றாக இருக்கட்டும், நூறு வயசு ஓட்டட்டும். ஆனாலும் எரிகிறது.

பாலை இறக்கி வைத்துவிட்டு, புளி ஜாடிக்குப் பின்னால் கைவிட்டு மணியை எடுத்தேன். "குடு, என் வண்டியில மாட்டிக்கிறேன், அம்மா ஞாபகமா இருக்கும்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரே ஒரு தடவை அடித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் சத்தம் கணீரென்று இருந்தது.

"எதுக்கு இப்ப அடிக்கிற?" என்றார்.

அம்மாவோடு ஒரு நாளாவது சும்மா சவாரி போயிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.