நாக்குக்குத் தெரியாத சர்க்கரை

பட்டாபிராம் ஸ்டேஷன் வாசலில், பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஒரு ஆள் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். நாலு புத்தகம் படித்தவன். சட்டையை இன்சர்ட் செய்தவன் – தொப்பை அனுமதித்த அளவுக்கு.

எல்லாம் அந்தத் தொப்பையால் வந்த வினை. கோணி விரித்து இலை விற்றுக்கொண்டிருந்தான் ஒருவன். சிறுகுறிஞ்சானாம். உடம்பு இளைக்குமாம், சர்க்கரை வியாதி ஓடிப்போகுமாம். ஒரு இலையை என் வாயில் திணித்தான்.

"நல்லா மென்னு முழுங்கு நைனா. இப்ப இத்தப் போட்டுக்கோ. எப்டி கீது?"

போட்டது சர்க்கரை. ஆனால் நாக்கில் பட்டது... ஆற்று மணல்! இனிப்பின் சுவடே இல்லை. "மணல் மாதிரி இருக்குப்பா!" என்று கூவியே விட்டேன். இப்படி ஒரு விளம்பரத்தை அவன் காசு கொடுத்தாலும் வாங்கியிருக்க முடியாது.

"கேட்டுக்கினியா? வாயில போட்ட சக்கரயவே கொன்னுடுச்சு. ரத்தத்துல கீறத வுட்டு வைக்குமா? மாத்திரயத் தூக்கிக் கடாசு!"

கூட்டம் முண்டியடித்தது. நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். பக்கத்தில் நின்று இரண்டு பொட்டலம் வாங்கியவர் டேனியல். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். காலை லோக்கலில் என் எதிர் சீட். பல வருஷமாகச் சர்க்கரை.

நான் இரண்டே நாளில் இலையை விட்டேன். காபி கஷாயமாகிப் போவதைவிடத் தொப்பை தேவலை. டேனியல் விட்டது மாத்திரையை.

அதோடு நின்றாரா? எங்கள் பெட்டியில் யாருக்குப் பிரமோஷன் வந்தாலும், யார் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றாலும் ஸ்வீட் பாக்ஸ் ஒரு ரவுண்டு வரும். அத்தனை வருஷமும் "வாணாம்பா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட மனிதர், இப்போது சட்டைப்பையிலிருந்து இலையை எடுத்து நிதானமாக மெல்வார். அப்புறம் மைசூர்பாகை எடுப்பார். ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார்.

"ருசியே தெரியாதே டேனியல், எதுக்குத் திங்கறீங்க?"

"நாக்குக்கே தெர்ல சார்... ரத்தத்துக்கு இன்னா தெரியப்போவுது?"

பெட்டியே சிரித்தது. நானும்தான்.

போன மாதம் அந்த சீட் காலி. செருப்பு கடித்த புண்ணாம். பாதம் மரத்துக் கிடந்ததால் வலியே தெரியவில்லை. சீழ் வைத்து, ஜுரம் வந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது "காலையே எடுக்க வேண்டி வரலாம்" என்றார்களாம். நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று பிழைக்கிற மனுஷனிடம்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் இலைக்காரனைத் தேடிப் போனேன். திருமழிசைப் பக்கம் போய்விட்டானாம். அங்கே வேறு நாக்குகள்.

இலை மேல் எனக்குக் கோபமில்லை. அதில் சரக்கு இருக்கிறது. இனிப்பை நாக்கிலிருந்து மறைக்கிற சத்து ஏதோ நிஜமாகவே இருக்கிறது. ரத்தத்துச் சர்க்கரைக்கு உதவுமா, உடம்பை இளைக்க வைக்குமா என்று எங்கெங்கோ லேப்களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று படித்தேன். பார்க்கட்டும். நாளைக்கே நல்ல மருந்தாக வரட்டும். ஆனால் அந்த எலிக்கு என்ன மரியாதை பாருங்கள்! எடை பார்க்கிறார்கள், அளவு பார்த்துக் கொடுக்கிறார்கள், ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். டேனியலுக்கு? பிளாட்பாரத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை... முடிந்தது பரிசோதனை!

அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் மட்டும் யோக்கியமா? நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாராம். எதற்கு மாத்திரை, விட்டால் என்ன ஆகும் – ஒரு வார்த்தை கிடையாது. இலைக்காரனாவது கண்ணைப் பார்த்துப் பேசினான். ஜனங்கள் யாரை நம்புவார்கள்?

கடைசியில் கால் தப்பியது. கட்டை விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டேனியல் படுத்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி ஸ்டெல்லா. மேலே எழுதிய அத்தனையையும் அங்கே சத்தமாகப் பேசித் தீர்த்தேன். "இந்த ஊர்ல யாருக்காவது கொஞ்சமாவது யோசனை இருக்கா?" என்று நான் கையை உயர்த்திய நேரத்தில், நான் கொண்டுபோன பையை ஸ்டெல்லா திறந்து பார்த்தார்.

"அண்ணா, அப்பால கத்தலாம். சக்கர வியாதிக்காரரப் பாக்க வர்றப்ப யாராச்சும் குளுக்கோஸ் டப்பா வாங்கினு வருவாங்களா?"