எல்லாரும் வளர்த்த பிள்ளை

எங்க மாசாய் ஃப்ளாட்டுல பக்கத்து வீட்டு யோகேஸ்வரியப் பத்தி யாராச்சும் கேட்டா எனக்கு இப்பவும் மனசு ஆறல. குளுவாங் பக்கம் எஸ்டேட்டுல பொறந்தவ. புருஷன் இன்னொருத்தியோட போனப்ப மக லோஷினி கைப்புள்ள. இவ மூலையில உக்காந்து அழல, சிங்கப்பூர் ஃபேக்டரியில வேலை தேடிக்கிட்டா. விடியறதுக்கு முன்னாலயே பஸ் ஏறணும். அதனால ராத்திரியே புள்ளைக்கு எண்ணெய் வச்சு, இறுக்கமா ரெட்டை சடை பின்னி, யூனிபார்ம் தேய்ச்சு ஆணியில மாட்டிட்டுத்தான் படுப்பா. காலையில எழுப்பி மைலோ குடுத்து ஸ்கூல் வேன்ல ஏத்தி விடறது என் வேலை. மத்தியானம் எங்க வீட்டுக்கு வரும், பொழுது சாய அவ வந்து கூட்டிட்டுப் போவா. எட்டு வயசு வரைக்கும் அப்படித்தான் ஓடுச்சு.

ஒரு நாள் நான் முட்டி வலின்னு கிளினிக் போனேன். அங்க கூட்டம், வர நேரமாயிடுச்சு. புள்ள பையைத் தலைக்கு வச்சு மாடிப்படியில தூங்கிடுச்சு. எந்தக் கட்டைல போறவனோ அதப் படம் புடிச்சு ஃபேஸ்புக்ல போட்டு, "தாய் எங்கே"ன்னு எழுதிட்டான். அப்பன் எங்கேன்னு ஒருத்தனும் கேக்கல. கொஞ்ச நாள்ல புள்ளைங்க நலன் பாக்கற வெல்பர் ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. வீட்ட வந்து பாப்போம், அக்கம்பக்கத்துல விசாரிப்போம், பிள்ள இங்க இருக்கலாமான்னு அப்புறம்தான் சொல்லுவோம்னாங்க.

யோகேசு லீவு போட்டு வீட்டப் பொரட்டி எடுத்தா. சுவருக்குப் பெயிண்ட், ஜன்னலுக்குப் புதுத் திரை. கத்தி, மருந்து, குளோராக்ஸ் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போச்சு. கீழ் வீட்டு ஜெயபாலன் அங்கிள், பேங்க்ல ஜாகாவா காவல் காத்து ரிட்டையர் ஆனவரு, பால்கனிக்கு வலை அடிச்சுக் குடுத்தாரு. எதிர் வீட்டு ராசம்மா பேத்தியோட படிக்கிற மேசையத் தூக்கிட்டு வந்து போட்டா. "போதும்டி, சுவரு தேஞ்சிடப் போகுது"ன்னேன். "இல்லக்கா, ஒரு குறை கண்டுட்டா புள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவாங்க"ன்னா. அப்புறம் எங்க மூணு பேர் கையயும் புடிச்சுக்கிட்டு, "உங்களக் கேட்டா கொஞ்சம் நல்லபடியா சொல்லுங்க"ன்னா. சொல்லணுமா எங்களுக்கு?

வந்தவங்க ஒரு மலாய்க்கார அம்மா, மரியாதையா புவான்னு கூப்பிட்டோம். தன்மையான ஆளு. வீடு பூரா சுத்திப் பாத்துட்டு, பாகுஸ், நல்லாயிருக்குன்னாங்க. அப்பத்தான் யோகேசு மூஞ்சியில ரத்தமே ஓடுச்சு. அப்புறம் காரிடாருக்கு வந்து எங்கள விசாரிச்சாங்க.

ராசம்மா முந்திக்கிட்டா. "என் பேத்தி மாதிரி புவான். மூணு வேளையும் எங்க வீட்டுச் சோறுதான்." அந்தப் புள்ள அவ வீட்டுல சாப்பிட்டது தீபாவளிக்கு மட்டும். அங்கிள் விடுவாரா? "பாடம் சொல்லிக் குடுக்கறது நான். ஸ்கூல் மீட்டிங்குக்கும் நான்தான் போவேன்"னாரு. அந்த ஸ்கூல் கேட்டு எந்தப் பக்கம்னே அவருக்குத் தெரியாது. என் வாயாவது சும்மா இருந்துச்சா? "ராத்திரி என் பக்கத்துல படுத்தாத்தான் அதுக்குத் தூக்கமே வரும்"னு நானும் அளந்து விட்டேன். புள்ளைய நாங்க எப்படித் தாங்கறோம்னு காட்டணும்ல.

அந்தம்மா எல்லாத்தையும் எழுதிக்கிட்டு யோகேசு பக்கம் திரும்பினாங்க. "சாப்பாடு ஒரு வீடு, படிப்பு ஒரு வீடு, தூக்கம் ஒரு வீடு. அப்ப பிள்ள உங்ககிட்ட எப்பத்தான் இருக்கு?" மெதுவாத்தான் கேட்டாங்க. நாங்க மூணு பேரும் ஒண்ணா, "இல்ல புவான், அது வந்து"ன்னு ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் உண்மையச் சொன்னா எடுபடுமா?

நாள் பூரா வீட்டுல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட பிள்ள கொஞ்ச காலம் இருக்கட்டும்னு கோர்ட்டுல உத்தரவாச்சு. யாருங்கறீங்க? அப்பன்காரனோட அக்கா, பெக்கோக்ல இருக்கா. இத்தன வருஷத்துல அந்தப் புள்ளைக்கு ஒரு மிட்டாய் வாங்கித் தந்தவ இல்ல.

லோஷினிய ஏத்திக்கிட்டு கார் போனதும் நாங்க மூணு பேரும் யோகேசு வாசல்ல போய் நின்னோம். ராசம்மா அழுதுகிட்டே, "உனக்கு நல்லது நெனச்சுத்தானேம்மா சொன்னோம்"னா.

யோகேசு கோவப்படல. கோவப்பட்டுத் திட்டியிருந்தா தேவல.

"நல்லாத்தான் சொன்னீங்க. நீங்கல்லாம் எவ்வளவு நல்லவங்கன்னு சொன்னீங்க. நான் நல்ல அம்மான்னு ஒருத்தர்கூட சொல்லலையே"ன்னுட்டு கதவச் சாத்திக்கிட்டா.