போனஸ் வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு

மயிலாத்தாளின் வலது கையில் சின்னக் கத்திரி. இடது கை பனியனைத் திருப்பும், தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் காட்டும்; வலது கை அதை வெட்டும். கழுத்து, அக்குள், அடி மடிப்பு. ஓட்டை இருந்தால் ஒரு பக்கம், இல்லையென்றால் மறுபக்கம். வீரபாண்டியில் அந்த பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளைச் சுற்றி நின்ற பெண்களில் அவளுக்குத்தான் வேகம் அதிகம். பேச்சுக்காக அவள் கை நின்றதே இல்லை.

"திருப்பதிக்கு எவ்வளவுக்கா எடுத்துட்டுப் போறது?" என்றாள் எதிரில் நின்ற சின்னாத்தாள். தீபாவளி போனஸ் வருகிற சனிக்கிழமை. அது கைக்கு வருவதற்கு முன்னாலேயே டேபிளில் எல்லோரும் செலவு செய்து முடித்திருந்தார்கள்.

"எவ்வளவு கொண்டு போனாலும் நீ வளையல் கடையில தீத்துருவே. பணத்த உன்ற மாமியாகிட்டக் குடு."

"அந்தக் கெழவிகிட்டயா? ஒரு டீத்தண்ணி வாங்கித் தராதக்கா!"

"அதுக்குத்தான் சொல்றேன்."

டேபிளே சிரித்தது. மயிலாத்தாள் சிரிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். "போனஸ நூறு ரூவா நோட்டாக் குடுப்பாங்க. மளிகைக் கடையில குடுத்து அஞ்சும் பத்துமா மாத்திக்க. நூறு ரூவாய நீட்டுனா கண்டக்டர் பாக்கிய டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுப்பான். எறங்கற அவசரத்துல நீ மறந்துருவே, அவன் மறக்க மாட்டான். வர்றதுக்கான ரயில் சார்ஜ முந்தியே தனியா எடுத்து உள்பாவாடைல வெச்சுத் தெச்சுரு. அதுல கைய வெக்காதே. டேசனுக்குள்ள சோறு வாங்காதே. வெளிய வந்து, ரிக்சாக்காரங்க எங்க திங்கறாங்களோ அங்க தின்னு. உக்கார்றதுக்கு முந்தி வெலையக் கேட்டுக்க. இலை போட்ட பொறவு கேட்டா வாயி வராது."

பழனியோ வேளாங்கண்ணியோ, மதுரை ஆஸ்பத்திரியோ, எங்கே கிளம்புகிறவர்களும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். புருஷன் செத்த பிறகு அவள் பல்லடத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சில வருஷம் ஆயாவாக இருந்தவள். காய்ச்சல் பார்க்க, புண் கழுவ, பிரசவத்துக்கு ஒத்தாசை செய்ய அங்கே கற்றுக்கொண்டாள். இன்னொன்றும் அங்கே கற்றாள். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பணமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்தாள். சொந்தக்காரன் வந்தால் போதாது, பணத்தோடு வர வேண்டும் என்பது அவளுக்கு அங்கே ஆழமாகப் பதிந்தது. பிறகு வாரச் சம்பளம் கிடைக்கிறதென்று பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்குப் புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு முன் சூப்பர்வைசர் மணியன் ஆபீஸ் ரூமிலிருந்து வந்தான். டேபிள் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, பம்பாய்ல இருந்து டிரங்கால் வந்துச்சுங்க. உங்க மருமகன்."

மகள் சாரதாமணி ஒரே பிள்ளை. மருமகன் ராக்கையாவுக்கு பம்பாயில் ஒரு திருப்பூர் கம்பெனியின் குடோனில் வேலை. சாரதாமணி நிறைமாசமாகவில்லை, எட்டாம் மாசம்தான். போனஸ் வாங்கி, அந்தப் பணத்தில் போய் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு.

"பிரசவம் ஆயிருச்சுங்களாம். பொட்டப்புள்ள. கொழந்த சிறுசா இருந்தாலும் பரவாயில்லீங்களாம்." மணியன் அவள் கையிலிருந்த கத்திரியைப் பார்த்தான். "தங்கச்சிக்குத்தான் காய்ச்சல் நிக்கலீங்களாம். உடனே வரச் சொன்னாருங்க."

கத்திரி டேபிளில் வைக்கப்பட்டது.

"எப்ப இருந்து காய்ச்சல்?"

"நேத்து இருந்துங்களாம். குளிர் அடிக்குதாம்."

பிரசவமான பின் குளிரோடு வருகிற காய்ச்சல் என்னவென்று மயிலாத்தாளுக்குத் தெரியும். அதற்கு ஊசி மருந்து விலை அதிகம் என்பதும் தெரியும். பல்லடத்தில் ஒருத்தியை மாடு விற்றுக் காப்பாற்றினார்கள். இன்னொருத்திக்கு விற்க மாடு இல்லை.

"ஆபீஸ்ல சொல்லி ரயில் சார்ஜுக்கு அட்வான்ஸ் வாங்கித் தாரனுங்க," என்றான் மணியன். "இன்னிக்கு ராத்திரி ஈரோட்டுல வண்டியப் புடிச்சீங்கன்னா வெள்ளிக்கிழமை காலைல போயிரலாம்."

"ரயில் சார்ஜ வாங்கிட்டுப் போயி நான் என்ன பண்றது மணியா? மருந்து வெளிய வாங்கிட்டு வான்னு சீட்டுக் குடுப்பாங்க. மாப்ளகிட்ட என்ன இருக்கும்? மாசக் கடைசி. ரெண்டு பேருமாச் சீட்டப் புடிச்சுட்டு நிக்கறதா?"

"நீ போக்கா," என்றாள் சின்னாத்தாள். அவள் முகத்தில் வளையல் கடைச் சிரிப்பு போயிருந்தது. "உன்ற போனஸ நான் வாங்கி வெக்கறேன்."

"உன்கிட்டக் குடுக்க மாட்டாங்க. ஆளு நேர்ல வந்து கையெழுத்துப் போடோணும். போன வருசம் லீவுல போனவளுக்கு எப்பக் குடுத்தாங்க? தை மாசம்."

அது பொய்யில்லை. திருப்பூரில் போனஸ் நாளன்று ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காதவர்களுக்கு எப்போது கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்பது முதலாளியின் மனசு. வாரச் சம்பளமும் போனஸும் சேர்ந்தால் மயிலாத்தாள் ஒரு வருஷத்தில் பார்க்கிற பெரிய பணம் அதுதான்.

"முதலாளிகிட்ட நான் பேசறனுங்க," என்று மணியன் மறுபடியும் இழுத்தான்.

"அவரு கோயமுத்தூர் போயிருக்காரு, வெள்ளிக்கிழமைதான் வருவாருன்னு காலைல நீதான் சொன்னே."

மணியன் ஆபீஸ் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு வாரேன்னு சொல்லு. அதுவரைக்கும் நல்லாப் பாத்துக்கச் சொல்லு. தண்ணி நெறையாக் குடுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்தாள். சாயங்காலம் வரை பனியன் பார்த்தாள். அன்றைக்கு அவள் நல்லதென்று ஒதுக்கியதில் இரண்டு ஓட்டைப் பனியன்கள் இருந்தன. சின்னாத்தாள் பேசாமல் எடுத்து மறுபக்கம் போட்டாள்.

வியாழனும் வெள்ளியும் ஒழுங்காக வேலைக்கு வந்தாள். சாயங்காலங்களில் பருத்திச் சேலைகளைக் கொதிநீரில் அலசிக் கிழித்துக் குழந்தைக்குத் துணி செய்தாள். பூண்டு, சுக்கு, மிளகு, நல்லெண்ணெய் கட்டினாள். ரயிலில் சாப்பிட புளிச்சோறு. வெள்ளிக்கிழமை மணியனை மறுபடி பம்பாய்க்குப் பேசச் சொன்னாள். லைன் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை போனஸ் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு, எண்ணி, மளிகைக் கடையில் பாதியைச் சில்லறையாக மாற்றி, ஊருக்குச் சொன்னபடியே தானும் செய்தாள். கைச்செலவுக்குச் சுருக்குப் பை. பெரிய நோட்டெல்லாம் மருந்துக்கு, அது ரவிக்கைக்குள். இரண்டு பேரும் குழந்தையும் திரும்புவதற்கான சார்ஜ் உள்பாவாடைத் தையலில். ஈரோட்டுக்கு பஸ் ஏறினாள்.

தீபாவளிக் கூட்டம். ரிசர்வ் செய்யாத பெட்டியில் கக்கூஸ் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் சேலத்துப் பெண்ணொருத்தி, "எவ்வளவு தூரங்க, பம்பாயா? கையில ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டதற்கு, "எங்கீங்க, மருமகன் வந்து கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு," என்றாள். ரயிலில் யார் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி ஆந்திராவில் ஏதோ ஒரு காய்ந்த ஊரில் நின்றது. விலை கேட்டு, பேரம் பேசி, இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றாள். கண் துடிக்கவில்லை, நெஞ்சு அடைக்கவில்லை. பழம் நன்றாகத்தான் இருந்தது. சாரதாமணி போனது அந்த நேரத்தில்தான்.

திங்கட்கிழமை காலை தாதர் ஸ்டேஷனில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கூட்டம் கலையக் கலைய, தூணோரம் ஒருவன் நின்றிருந்தான். முதலில் யாரென்று தெரியவில்லை. தலை மழித்திருந்தது. மீசை இல்லை. சட்டை மட்டும் அவள் போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது.

"அத்தே," என்றான் ராக்கையா.

அவள் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"எப்பங்க மாப்ளே?"

"நேத்து மத்தியானமுங்க. ராத்திரி வரைக்கும் வெச்சிருந்தமுங்க. அதுக்கு மேல வெக்க முடியலீங்க அத்தே. கம்பெனிக்குப் பேசுனேன். ஞாயித்துக்கிழமை, யாரும் எடுக்கலீங்க."

தாராவியில் ஒரே அறை. வாசலில் பாய் விரித்திருந்தது. பக்கத்து வீட்டு நல்லம்மாள், திருநெல்வேலிக்காரி, குழந்தையை மடியில் வைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம். மயிலாத்தாள் முதலில் அதன் காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, ரவிக்கைக்குள்ளிருந்து பணத்தை எடுத்தாள். சனிக்கிழமை மடித்த மடிப்புக் கலையவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டோணும்? யாருகிட்டக் கடன் வாங்கியிருக்கீங்க?"

ராக்கையா பணத்தைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"ஒண்ணும் இல்லீங்க அத்தே. அது கவர்மெண்டு ஆஸ்பத்திரிங்க. ஊசி, மருந்து, குளுகோஸ் எல்லாம் அங்கயே குடுத்தாங்க. நல்லாத்தான் பாத்தாங்க. தாங்கலீங்க." அவள் கையிலிருந்த நோட்டுகளை மறுபடி பார்த்தான். "செலவே இல்லீங்க."

நல்லம்மாளுக்கு நிலைமை புரியவில்லை. ஆறுதலென்று நினைத்துத்தான் சொன்னாள். "வெள்ளிக்கெழம முழுக்க நல்லாப் பேசிட்டுத்தான் இருந்தா மதினி. 'அம்மைக்குக் காய்ச்சல் பாக்கத் தெரியும், அம்மை வந்தாச் சரியாயிரும்'னே சொல்லிட்டு இருந்தா. சனிக்கெழம வண்டின்னு இவுக சொன்னதும் ஒரே சிரிப்பு. 'பாத்தீயளா, போனஸ் வாங்கிட்டுத்தான் கெளம்புவாவ எங்கம்மை'ன்னு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. போனஸுன்னா என்ன மதினி?"

ராக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மயிலாத்தாள் உட்கார்ந்தாள். நோட்டுகளை மறுபடி மடிக்கப் பார்த்தாள், விரல்கள் மடிக்கவில்லை. பணம் பாயில் கிடந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்று சொல்ல முடியாத சத்தம். நல்லம்மாள் குழந்தையோடு நகர்ந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையே இங்கே வந்திருக்கலாம். ரயில் சார்ஜ் போதும். சிரித்த முகத்தைப் பார்த்திருக்கலாம். பிழைத்திருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. அம்மா பக்கத்தில் இருந்திருப்பாள். அது மட்டும் தெரியும். பகல் முழுக்க மயிலாத்தாள் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த டீ ஆறி ஏடு படிந்தது. பொழுது சாய்ந்த பிறகு ராக்கையாதான் நோட்டுகளைப் பொறுக்கி அரிசி டப்பாவுக்குள் வைத்தான்.

மறுநாள் விடிந்ததும் எழுந்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். நல்லம்மாள் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருந்தாள்.

"குளிக்கவெல்லாம் வேண்டாமுங்க," என்றாள் மயிலாத்தாள். "எட்டாம் மாசத்துப் புள்ள. சூடு நிக்காது."

குழந்தையின் துணியை அவிழ்த்து, தன் ரவிக்கையின் மேல் ஊக்கைக் கழற்றி, வெறும் மார்போடு மார்பாக வைத்து மேலே சேலையைச் சுற்றிக் கட்டினாள். காய்ச்சிய பாலைக் கொதிக்க வைத்த கரண்டியில் எடுத்து, கடைவாயில் ஒவ்வொரு சொட்டாக விட்டாள். விழுங்கும் வரை பொறுத்து அடுத்தது. ராக்கையா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெனமும் இப்படித்தான். எடை ஏறற வரைக்கும் ஊருக்குக் கொண்டு போக முடியாது. கம்பெனிக்குப் பேசி, மயிலாத்தா இப்ப வர மாட்டான்னு சொல்லீருங்க."

"எப்ப வருவீங்கன்னு சொல்லட்டுமுங்க அத்தே?"

"கேட்டாத் தெரியாதுன்னு சொல்லுங்க." அவள் குழந்தையின் முதுகை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "நீங்க சட்டையப் போட்டுட்டு வேலைக்குக் கெளம்புங்க மாப்ளே. கதவச் சாத்திட்டுப் போங்க, காத்து வருது."